சீவாளித் தட்டை: பிளாஸ்டிக்கை வெல்ல முற்றிய அறுவடை தேவை

கல்யாண வீட்டில் நாதஸ்வர வித்வான் வாசிப்புக்கு நடுவே வாயில் வைக்கும் சிறு பகுதியை மாற்றிப் பொருத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சீவாளி. திருவாவடுதுறை போன்ற காவிரிப் பாசன ஊர்களில் கொறுக்கைத் தட்டையில் இதைச் செய்கிறார்கள். வாய்க்கால் கரையில் தானாக வளர்வதால், களை என்று நாம் வெட்டி எரிக்கும் அதே கொறுக்கைதான்.

கிளாரினெட், சாக்ஸபோன் வாத்தியங்களிலும் ஒலியை எழுப்புவது நாணல் தட்டையில் சீவிய 'ரீடு'தான். இதற்கான 'அருண்டோ டோனாக்ஸ்' என்ற பெருநாணலுக்குத் தென் பிரான்சின் வார் மாவட்டம் பெயர் பெற்றது. இப்போது பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கில் செய்த ரீடுகளும் சந்தையில் உள்ளன. விலை பல மடங்கு அதிகம். ஆனால் நனைக்க வேண்டியதில்லை. ஈரப்பதம் மாறினாலும் குணம் அதிகம் மாறாது. நீண்ட நாள் உழைக்கும்.

நாதத்துக்காகத் தட்டையையே விரும்பும் கலைஞர்கள் இன்றும் ஏராளம். அவர்களுடைய முக்கியமான ஒரு குறை, ஒரு பெட்டியில் பத்து ரீடு இருந்தால் பத்தும் பத்து விதமாக இருக்கிறது என்பதுதான். ஆகவே தட்டைக்குப் போட்டி பிளாஸ்டிக் அல்ல, தரத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு. அதைக் குறைக்கும் வேலை அறுவடையிலேயே தொடங்குகிறது.

தட்டையின் உள்ளே மென்மையான திசுவுக்கு நடுவே உறுதியான நார்க்கற்றைகள் ஓடுகின்றன. தண்டு முற்ற முற்ற நார் இறுகும். இளந்தட்டை காயும்போது சுருங்கும், கோணும். அதனால்தான் வார் விவசாயிகள் இரண்டாம் ஆண்டுத் தண்டை, வளர்ச்சி ஓய்ந்த குளிர்காலத்தில் வெட்டுகிறார்கள். பிறகு தோகை உரித்து, பச்சை மாறிப் பொன்னிறம் வரும்வரை வெயில் காட்டி, நீண்ட நாள் காற்றோட்டமாக வைத்த பிறகே விற்பனைக்கு அனுப்புகிறார்கள்.

உங்கள் நிலத்தின் ஓரத்தில் கொறுக்கை இருந்தால் கவனிக்க வேண்டியவை:

• வெட்டும் முன் சீவாளி செய்பவரை அழைத்துக் காட்டுங்கள். எந்தக் கனம், எந்த முதிர்ச்சி வேண்டும் என்பதை அவரே சொல்வார்.

• பூச்சி துளைத்தது, கோணியது, வெடித்தது ஆகியவற்றைக் கழித்து, மீதியைக் கனவாரியாகப் பிரித்துக் கட்டுங்கள்.

• தரையில் குவிக்காமல் பரண் கட்டி உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்துத் தட்டை வீணாகும்.

• யூரியா வேண்டாம். தழைச்சத்து மிஞ்சிய நெல் சாய்வதைப் பார்த்திருக்கிறீர்கள். இதுவும் புல் இனமே.

• பொதுக் கரையில் வெட்டுவதாக இருந்தால் முன்அனுமதி பெறுங்கள்.

ஓர் எச்சரிக்கை. விலை கிடைக்கிறது என்று புதிதாக நட்டுவிடாதீர்கள். அருண்டோ டோனாக்ஸ், உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. வெள்ளத்தில் ஒரு கிழங்குத் துண்டு போனாலே அடுத்த கரையில் வேர் பிடிக்கும். கொறுக்கையும் கிழங்கு ஓடிப் பரவுவதே. இருக்கும் புதரை எரிக்காமல் பயன்படுத்தினாலே போதும்.

அடுத்த முறை கரையைச் சுத்தம் செய்யும்போது, தீ வைக்கும் முன் ஒரு தட்டையை ஒடித்துப் பாருங்கள். அதை நம்பி ஒரு கைத்தொழில் இருக்கிறது.