அரைத்த தாமிரம் கழிவோடு போவது ஏன்? ஒரு குமிழிக் கணக்கு

திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டி, 2022 வரை பெரும்பாலும் சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி. டைகின், புளூ ஸ்டார் நிறுவனங்கள் இங்கேதான் ஏசி தயாரிக்கின்றன. ஏசி என்றாலே தாமிரக் குழாய் வேண்டும். ஆனால், இந்தியாவின் உருக்காலைகளுக்குத் தேவையான தாமிரச் செறிவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2018-இல் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியே ஓடியது.

அப்படியென்றால், நம் மண்ணில் வெட்டும் தாதுவில் உள்ள தாமிரத்தையாவது முழுசா எடுக்கிறோமா? அங்கேதான் சிக்கல்.

100 டன்னில் 1 டன்

நாட்டின் மிகப்பெரிய தாமிரச் சுரங்கம் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மாவட்டத்தில் உள்ள மலஞ்ச்கண்ட். பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் காப்பர் 1982 முதல் நடத்துகிறது. அங்குள்ள தாதுவில் தாமிரம் சுமார் 1 சதவீதம்தான். அதாவது, 100 டன் கல்லை உடைத்தால் ஒரு டன் தாமிரம். ஒரு ஆலை அதில் 90 சதவீதத்தைப் பிடித்தால்கூட, ஒவ்வொரு 100 டன்னுக்கும் 100 கிலோ கழிவோடு போய்விடும்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கலந்து, சாந்தேட் என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள். அது தாமிரத் தாதுத் துகளின் மேல் ஒட்டி, தண்ணீர் ஒட்டாதபடி செய்கிறது. கீழிருந்து காற்றுக் குமிழிகளை விட்டால், இந்தத் துகள்கள் குமிழியைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வரும். வெறும் மணல் அடியில் தங்கும். இதுவே நுரை மிதப்பு முறை.

நுண்துகள் ஏன் தப்பிக்கிறது?

சுமார் 20 முதல் 100 மைக்ரான் வரையிலான துகள்கள் நன்றாகவே மாட்டும். 10 மைக்ரானுக்குக் கீழே போனால் மீட்பு சரியும்.

ஓடும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே பறக்கும் கல் கண்ணாடியில் மோதும். இலவம்பஞ்சு? காற்றோடு ஒதுங்கிப் போய்விடும். நுண்துகளும் அப்படித்தான். எடை இல்லாததால், குமிழியைச் சுற்றி வழியும் தண்ணீரோடு நழுவிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 100 மைக்ரான் துகள் ஒன்றை 10 மைக்ரானாக உடைத்தால் 1,000 துண்டுகள். மொத்தப் பரப்பு 10 மடங்கு. ரசாயனச் செலவும் ஏறும்.

தீர்வு என்ன?

முதலாவது, குமிழியைச் சிறிதாக்குவது. குமிழியின் விட்டம் பாதியானால், நுண்துகள் அதில் மோதும் வாய்ப்பு தோராயமாக நான்கு மடங்காகும். ஆஸ்திரேலியப் பேராசிரியர் கிரேம் ஜேம்சன் உருவாக்கிய ஜேம்சன் செல், ஒரு மில்லிமீட்டரை விடச் சிறிய குமிழிகளால் இதைச் செய்கிறது.

இரண்டாவது, நுரையைக் கழுவுவது. நுண்ணிய மணலும் தண்ணீரோடு நுரையில் ஏறிவிடும். மேலிருந்து தண்ணீர் தெளித்தால் அது கீழே இறங்கும். உயரமான காலம் செல்களில் இந்த வசதி உண்டு.

மூன்றாவது, தேவைக்கு மேல் அரைக்காமல் இருப்பது. அரைத்ததைத் தரம் பிரிக்கும் சைக்ளோன், அளவோடு எடையையும் பார்க்கும். தாமிரத் தாது மணலைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால், போதுமான அளவு அரைபட்ட தாமிரத் துகளும் 'பெருசு' என்று மறுபடி ஆலைக்கே போகிறது, மேலும் பொடியாகிறது. நுண்துளைச் சல்லடையால் பிரித்தால் இது குறையும். வந்த நுண்துகளைத் துரத்துவதைவிட, வராமல் தடுப்பது மலிவு.

எனவே, ஓர் ஆலை "மீட்பு 90 சதவீதம்" என்று சொன்னால், அடுத்த கேள்வி இதுதான்: அந்த மீதி 10 சதவீதம் எந்த அளவுத் துகள்? மொத்தச் சராசரி அதைச் சொல்லாது. அளவுவாரியாகப் பிரித்த கணக்கு இருந்தால்தான், குமிழியை மாற்றுவதா, அரைப்பதை மாற்றுவதா என்று முடிவெடுக்க முடியும்.