எண்ணெய்க் கொள்கையும் உறையூர்த் தறியும்

எண்ணெய்க் கொள்கை டில்லியில் வகுக்கப்படுவது. அதற்கும் உறையூர்த் தறிக்கும், ஸ்ரீரங்கத்து வாழைத் தோட்டத்திற்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் மிக நெருக்கமானதே.

நமது தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்திற்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே தருவிக்கின்றது. ஆகவே அதன் விலை நம் கையில் இல்லை. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த விலை, அடுத்த ஜனவரியில் 11 டாலரைக் கடந்தது. இவ்வாறு விலை ஏறும்போது, சுமையைச் சர்க்கார் பொக்கிஷம் தாங்க வேண்டும். அன்றேல் வாங்குவோர் தாங்க வேண்டும். விலையைச் சந்தைக்கே விட்டுவிடலாம் என்று கிரீத் பரீக் தலைமையிலான நிபுணர் குழு 2010-இல் சிபாரிசு செய்தது. அவ்வாண்டு ஜூனில் பெட்ரோலும், 2014 அக்டோபரில் டீசலும் விலைக் கட்டுப்பாட்டினின்று நீங்கின.

இத்தகைய முடிவுகளின் பலாபலன்களை முன்கூட்டியே அறியப் பொருளாதார நிபுணர்கள் கணக்கு மாதிரிகளை அமைக்கின்றனர். ஒவ்வொரு தொழிலும் பிற தொழில்களிடம் எவ்வளவு வாங்குகிறது என்று கட்டங்களில் நிரப்பிய பெரிய அட்டவணையே அவற்றுள் பலவற்றிற்கு அடிப்படை. இம்முறையை வகுத்த வாசிலி லியோன்டீப் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். டீசல் விலை ஏறினால் லாரி வாடகை எவ்வளவு ஏறும், அதனால் பிற பண்டங்கள் எவ்வளவு ஏறும் என்பதை அவ்வட்டவணை படிப்படியாகக் காட்டும்.

அக்கணக்கை நம் ஊரில் போட்டுப் பார்ப்போம். நூல் லாரியில் வருகிறது. சாயங்களில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் இரசாயனப் பொருள்களால் ஆனவை. உழவுக்கு டிராக்டர், வாழைத்தார் காந்தி மார்க்கெட்டை அடைய வண்டி வாடகை. யூரியாவுக்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு. ஆயினும் அதன் சில்லறை விலையைச் சர்க்கார் நிர்ணயித்து மானியம் அளிப்பதால், அவ்வேற்றம் நேரே நம்மைத் தாக்குவதில்லை. இலவச மின்சாரத்தில் இறைப்பவருக்கும் டீசல் எஞ்சினால் இறைப்பவருக்கும் பாதிப்பு ஒன்றன்று.

முக்கியமான கேள்வி இனிமேல்தான். லாரிக்காரர் ஏற்றத்தை வாடகையில் சேர்த்துவிடுவார். ஆலை நூல் விலையில் சேர்த்துவிடும். பழுக்கும் தாரை வைத்துக்கொண்டு காத்திருக்க இயலாத விவசாயி அதை யார்மேல் சுமத்துவார்? ஒப்பந்தக் கூலி பெறும் நெசவாளர் யாரிடம் கேட்பார்? தேசத்தின் சராசரியைக் கூறும் மாதிரியில் இவ்விருவரின் நஷ்டமும் மறைந்துபோகக்கூடும்.

அதை வெளிக்கொணரும் கருவி சங்கத்தின் கணக்குப் புத்தகமே. மாதந்தோறும் நூல் ஏற்றுகூலி, சாய விலை, டிராக்டர் வாடகை, தாரின் விற்பனை விலை ஆகியவற்றை ஒரே ஏட்டில் பதிந்து வருவோமாக. கூலி உயர்வு பேசும் நாளிலும், சர்க்காரிடம் நிவாரணம் கோரும் நாளிலும், வெறும் முறையீட்டைவிட அந்த ஏடு வலுவாகப் பேசும். சேர்ந்து ஒரே லாரி அமர்த்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதையும் அதுவே நமக்குக் கற்பிக்கும்.