கண்ணாடி ஜன்னல் வைத்த கடை!

அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலோரம் இருக்கிறது சான்பிரான்சிஸ்கோ நகரம். மேடும் பள்ளமுமான ஊர். கோடைகாலத்தில்கூட மாலையானால் மூடுபனி இறங்கிவிடும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது.

அங்கே மார்க்கெட் வீதியும், காஸ்ட்ரோ வீதியும், 17-வது வீதியும் கூடும் முனையில் ஒரு மதுக்கடை. பெயர் "டுவின் பீக்ஸ்". ஊருக்கு நடுவே இருக்கும் இரட்டைக் குன்றின் பெயரையே கடைக்கு வைத்துவிட்டார்கள்.

உள்ளே அதிசயம் ஒன்றும் கிடையாது. பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். ஜன்னலோரம் மேஜை, நாற்காலி. பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற டிராம் வண்டியையும் ஆட்களையும் வேடிக்கை பார்த்தபடி ஊர்க்கதை பேசுகிறார்கள்.

இந்தக் கடையை 2013-ஆம் ஆண்டில் நகரசபை வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தது. போர் நடந்த இடமா? இல்லை. பெரிய தலைவர் பிறந்த வீடா? அதுவும் இல்லை. பெருமை எல்லாம் அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குத்தான்!

ஒரு ஜன்னலுக்கு இத்தனை மரியாதை எப்படி வந்தது?

நீலத் தாள்

ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். தன்பாலீர்ப்பாளர் என்று இன்று தமிழில் சொல்கிறோம். சான்பிரான்சிஸ்கோவில் அவர்கள் ஏராளமாகக் கூடியதற்கு ஒரு காரணம் உலக யுத்தம்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அது பெரிய ராணுவத் துறைமுகம். பசிபிக் போர்முனைக்குப் போகும் சிப்பாய்கள் அங்கேதான் கப்பல் ஏறினார்கள். ஒரு சிப்பாய் இன்னோர் ஆணை விரும்புகிறவர் என்று தெரிந்தால், படையிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கல் உத்தரவு நீல நிறத் தாளில் இருக்கும். அந்தத் தாளைப் பார்த்தால் ஒருவரும் வேலை கொடுக்கமாட்டார்கள். மற்றச் சிப்பாய்களுக்குக் கிடைத்த சலுகைகளும் கிடைக்காது.

எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது? அம்மா கேட்டால் என்ன சொல்வது? பலர் திரும்பவே இல்லை. துறைமுகத்திலேயே தங்கிவிட்டார்கள்.

பகலில் எங்காவது ஒரு வேலை. இரவில்? வாடகை அறையில் நாலு பேர் கூடினால் வீட்டுக்காரர் விரட்டுவார். கோயிலில் இடமில்லை. மிச்சம் இருந்தது மதுக்கடை ஒன்றுதான். அந்த நாட்டில் மதுக்கடை என்பது குடிக்க மட்டும் போகிற இடம் அல்ல. நம்மூர் டீக்கடை பெஞ்சு மாதிரி. ஆள் பார்க்க, வேலை விசாரிக்க, சிரித்துப் பேச. ஆகவே, குடும்பத்தோடு படிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மதுக்கடைக் கதை எதற்கு என்று யாரும் கோபிக்க வேண்டாம். இந்த ஜனங்களுக்குத் திண்ணையும் அதுதான், சாவடியும் அதுதான்.

கறுப்புப் பூனை

அந்தக் கடைகளில் புகழ் பெற்றது மான்ட்கோமரி வீதியிலிருந்த "பிளாக் கேட்". "கறுப்புப் பூனை" என்று அர்த்தம். இப்படிப்பட்டவர்கள் அங்கே கூடுகிறார்கள் என்று சொல்லி, 1949-ல் அதிகாரிகள் கடையின் லைசென்சை நிறுத்தி வைத்தார்கள். கடை முதலாளி சால் ஸ்டூமன் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 1951-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது: "சட்ட விரோதமான காரியம் எதுவும் நடக்காதபோது, அவர்கள் வந்து உட்காருகிறார்கள் என்பதற்காக மட்டும் லைசென்சைப் பறிக்க முடியாது" என்பது அதன் சாரம்.

உட்காரும் உரிமை கிடைத்தது! ஒரு மனிதர் கடையில் உட்காருவதற்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போகவேண்டி இருந்தது.

அந்தக் கடையில் பரிமாறுகிறவராக இருந்தவர் ஹோசே சாரியா. யுத்தத்தில் பணியாற்றியவர். பெண் வேஷம் போட்டு, இசை நாடகங்களைக் கேலியாக மாற்றிப் பாடுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் ஆண் ஒருவர் பெண் உடையில் வெளியே போனால், "ஏமாற்றும் எண்ணம்" என்று போலீசார் பிடித்துவிடுவார்கள். சாரியா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "நான் ஆண்பிள்ளை" என்று எழுதிய சீட்டை உடையில் குத்திக்கொள்ளச் சொன்னார். உண்மையை எழுதி மார்பில் மாட்டிக்கொண்டவரை, ஏமாற்றுக்காரர் என்று எப்படிச் சொல்வது? போலீசார் விழித்தார்கள்.

1961-ல் இவர் நகரசபைத் தேர்தலுக்கு நின்றார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அமெரிக்காவில் தேர்தலில் நின்ற முதல் ஆள் இவர்தான். தோற்றார். ஆனால் சுமார் 5,600 ஓட்டு விழுந்தது. இந்த ஜனங்களுக்கும் ஓட்டு உண்டு என்பது அன்றைக்குத்தான் அரசியல்வாதிகளுக்கு உறைத்தது.

பத்திரிகையில் வந்த பெயர்கள்

அதே 1961, செப்டம்பர் மாதம். "டே-புஷ் இன்" என்ற சின்ன காபிக் கடை. இரவில் அங்கே இசைத்தட்டு போட்டு ஆடுவார்கள். ஓர் இரவு போலீசார் புகுந்து 103 பேரைக் கைது செய்தார்கள். பின்னால் இரண்டு பேர் நீங்கலாக எல்லார் மீதும் இருந்த வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

ஆனால் வழக்கு தள்ளுபடி ஆகி என்ன பயன்? பிடிபட்டவர்களின் பெயர், விலாசம், வேலை எல்லாம் அதற்குள் பத்திரிகைகளில் வந்துவிட்டது. காலையில் முதலாளி பத்திரிகை பார்ப்பார், வேலை போகும். வீட்டுக்காரர் பார்ப்பார், வீடு போகும். அப்பா பார்ப்பார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில், இந்த இடத்தை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த வருஷமே மதுக்கடைக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். யாராவது கைதானால் சங்கம் ஜாமீன் கட்டும், வக்கீல் வைக்கும். 1965 புத்தாண்டு அன்று பாதிரியார்கள் சிலர் இவர்களோடு சேர்ந்து ஒரு நடன விருந்து வைத்தார்கள். சுமார் 500 பேர் வந்தார்கள். வாசலில் போலீசார் விளக்கைப் போட்டு, வருகிறவர்களை எல்லாம் போட்டோ பிடித்தார்கள். மறுநாள் பாதிரியார்களே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, நடந்ததைக் கொட்டித் தீர்த்தார்கள். பாதிரியார் சொன்னால் ஊர் கேட்குமே!

திரை விலகியது

அந்தக் காலத்துக் கடைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஜன்னலில் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அல்லது பலகை அடித்திருப்பார்கள். உள்ளே இருப்பவர் யார் என்று தெருவில் போகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பிழைப்பே போய்விடும்.

1972-ல் டுவின் பீக்ஸ் கடையை இரண்டு பெண்கள் வாங்கினார்கள். இருவரும் சிநேகிதிகள். ஜன்னலை மூடி வைக்கமாட்டோம் என்றார்கள். தெரு முழுக்கத் தெரியும்படி கண்ணாடியைத் திறந்து வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் முகம் முதல் தடவையாக ஊருக்குத் தெரிந்தது.

துணிச்சல் இருந்தது; ஜாக்கிரதையும் இருந்தது. கடைக்குள் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ளக் கூடாது, முத்தமிடக் கூடாது என்று அந்தப் பெண்கள் கண்டிப்பாக இருந்தார்கள். காரணம் உண்டு. இருவர் மனம் ஒத்து வாழ்வதைக்கூடக் குற்றமாக்கிய சட்டம் கலிபோர்னியாவில் அப்போதும் இருந்தது. அது 1975-ல்தான் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்காகச் சட்டசபையில் பாடுபட்டவர் ஜார்ஜ் மாஸ்கோனி. அவரே பிறகு நகர மேயர் ஆனார்.

காமிராக் கடைக்காரர்

காஸ்ட்ரோ வீதியில் 1973-ல் காமிராக் கடை வைத்தவர் ஹார்வி மில்க். மூன்று தேர்தலில் தோற்று, 1977-ல் நகரசபைக்கு வெற்றி பெற்றார். தன்பாலீர்ப்பாளர்களை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் விரட்டக் கூடாது என்று நகரச் சட்டம் கொண்டுவந்தார். நாயைக் கூட்டிப் போகிறவர் அது தெருவில் அசிங்கம் செய்தால் அள்ளவேண்டும் என்ற சட்டமும் அவர் கொண்டுவந்ததுதான். ஊர் முழுக்க அவரைக் கொண்டாடியது இந்த இரண்டாவது சட்டத்துக்காகவும்தான்!

1978 ஜூனில் நடந்த ஊர்வலத்தில் வானவில் கொடி முதல் முதலாகப் பறந்தது. கில்பர்ட் பேக்கர் என்பவரும் தொண்டர்களும் துணிக்குக் கையாலேயே சாயம் ஏற்றித் தைத்த கொடி. அன்று எட்டு நிறம். இன்று ஆறு நிறம்.

அதே ஆண்டு நவம்பர் 27. மில்க்கையும் மேயர் மாஸ்கோனியையும் முன்னாள் நகரசபை உறுப்பினர் ஒருவர் நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொன்றார். அன்று மாலை காஸ்ட்ரோ வீதியிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் கையில் மெழுகுவத்தியோடு மௌனமாக நடந்தார்கள். சில வாரம் முன்புதான் பயிற்சி தொடங்கிய ஆண்கள் பாடற்குழு ஒன்று, மண்டபப் படியில் நின்று பாடியது. அவர்களுடைய முதல் கச்சேரி அதுதான். அந்தக் குழு இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு ஜன்னல்

1981-ன் கடைசியில், காஸ்ட்ரோ வீதி மருந்துக்கடை ஜன்னலில் சில போட்டோக்கள் ஒட்டப்பட்டன. பாபி காம்ப்பெல் என்ற ஆண் நர்ஸ் தம் காலில் வந்த ஊதா நிறப் புண்களைப் படம் எடுத்து ஒட்டியிருந்தார். "இப்படி உங்களுக்கும் இருக்கிறதா? டாக்டரிடம் போங்கள்" என்பதுதான் சேதி. அந்த நோய்க்கு அப்போது பெயர்கூட இல்லை. பிறகு எய்ட்ஸ் என்றார்கள். காம்ப்பெல் 1984-ல் காலமானார்.

ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, சாப்பாட்டுத் தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போன காலம். 1983-ல் நகர ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்றே ஒரு வார்டு திறந்தார்கள். அங்கே வேலை செய்த நர்சுகள் தாங்களாக முன்வந்தவர்கள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மருந்து இல்லாத காலத்தில் அந்தக் கைதான் மருந்து.

அந்த ஊர்த் தன்பாலீர்ப்பாளர்களின் வாரப் பத்திரிகையில் வாராவாரம் மரண அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. 1998 ஆகஸ்டில் ஒரு வாரம், "மரண அறிவிப்பு இல்லை" என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டார்கள். புது மருந்துகள் வந்து உயிர்கள் பிழைக்கத் தொடங்கியிருந்தன. ஒன்றும் நடக்காததே தலைப்புச் செய்தி ஆனது!

வரிசையில் வந்த பூக்கள்

இரவு மட்டுமா வாழ்க்கை? பந்தாட்டக் குழு உண்டு, பாண்டு வாத்தியக் குழு உண்டு. 1974 முதல் காஸ்ட்ரோ வீதித் திருவிழா. 1977 முதல் திரைப்பட விழா. ஜூன் மாதம் ஊர்வலம். அந்த வட்டாரத்துக்குப் பிழைக்கப் போன இந்தியர்களும் மற்றத் தென்னாசியர்களும் 1986-லேயே "திரிகோண்" என்ற சங்கம் கண்டார்கள்.

பில்லிஸ் லயன், டெல் மார்ட்டின் என்று இரண்டு பெண்கள். 1953-ல் அதே காஸ்ட்ரோ வீதியில் ஒன்றாகக் குடியேறினார்கள். போலீசார் பயமில்லாமல் பெண்கள் கூடிப் பேசவும் ஆடவும் ஓர் இடம் வேண்டும் என்று, 1955-ல் எட்டுப் பெண்களாகச் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2004 பிப்ரவரியில் நகர மேயர் துணிந்து இப்படிப்பட்டவர்களுக்குத் திருமணம் செய்துவைக்க உத்தரவிட்டபோது, முதல் ஜோடி இவர்கள்தான். நகர மண்டபத்தைச் சுற்றி மழையில் வரிசை நின்றது. எங்கோ மினசோட்டாவில் இருந்தவர்கள் பூக்கடைக்கு டெலிபோன் செய்து, பணம் கட்டி, "வரிசையில் நிற்கும் எந்த ஜோடிக்காவது கொடுங்கள்" என்றார்கள். முகம் தெரியாதவர்கள் அனுப்பிய பூ!

அந்தத் திருமணங்களை மாநில சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்றது. 2008-ல் அதே கோர்ட்டு, தன்பாலீர்ப்பாளர் திருமணத்தைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஜூன் 16-ந் தேதி இருவரும் முன்பு உடுத்த அதே உடுப்போடு வந்து மறுபடியும் மணந்தார்கள். மார்ட்டினுக்கு வயது 87. ஆகஸ்டு மாதம் அவர் காலமானார். லயன் 2020 வரை இருந்தார்.

இப்போதைய கஷ்டம்

இப்போது போலீசார் பயமில்லை. வாடகைதான் பயம்! சான்பிரான்சிஸ்கோ வாடகை இளைஞர்களை ஊரைவிட்டே விரட்டுகிறது. ஆள் பார்க்க மதுக்கடைக்குப் போகவேண்டாம், கைபேசி போதும். பெண்களுக்கென்று 1997-ல் தொடங்கிய "லெக்சிங்டன் கிளப்" 2015-ல் மூடிவிட்டது. டுவின் பீக்ஸில் கிழவர்கள் அதிகம் என்று இளசுகள் அதற்கு "கண்ணாடிச் சவப்பெட்டி" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கிழவர்களே அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1966-ல் தொடங்கிய "ஸ்டட்" என்ற நடனக் கடைக்கும் 2016-ல் வாடகை வெகுவாக ஏறியது. முதலாளி விலக முடிவு செய்தார். அங்கே வேஷம் போட்டு ஆடியவர்களும், பாட்டுத் தட்டு போட்டவர்களும், வேலை செய்தவர்களும் ஒன்றுசேர்ந்து, நம்மூர்க் கூட்டுறவுச் சங்கம் மாதிரி பணம் போட்டுக் கடையை வாங்கினார்கள். 2020-ல் கொரோனா வந்தது. கடையை மூடி, சாமான்களைக் கட்டி வைத்தார்கள். நாலு வருஷம் இடம் தேடினார்கள். 2024 ஏப்ரலில் பால்சம் வீதியில் மறுபடி கதவு திறந்தது. அந்தக் கடைக்குத் தனி முதலாளி யாரும் இல்லை.