மீனின் ஊன் கூறும் உணவுச் செய்தி

ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் உணவையும் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணினார். நெய்தல் நிலத்து மாந்தர்க்கு மீன் உணவாதல் யாவரும் அறிவர். அம்மீனுக்கு உணவு யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நம் மதுரையைக் கடந்து செல்லும் வையை, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நிரப்பி, எஞ்சிய நீரை ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலிற் சேர்க்கின்றது. ஆறும் கடலும் கலக்கும் இத்தகைய இடம் கழிமுகம் எனப்படும். பொதுவாகக் கழிமுகங்களில் ஆறு கொணரும் தழை, கரையில் நிற்கும் கண்டல் மரங்களின் இலை, நீரில் மிதக்கும் நுண்பாசி, சேற்றிற் படரும் பாசி, கடற்புல் எனப் பலவகை உணவுகள் உள்ளன. மடவை மீன் ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்ப்பின், அது கடைசியாக விழுங்கியதே புலனாகும். விழுங்கிய யாவும் உடம்பில் ஊறின என்று துணிதலும் இயலாது.

இவ்விடர்ப்பாட்டை நீக்குவன நிலையான ஓரிடத்தான்கள். ஒரே தனிமத்தின் அணுக்களுள் எடையால் வேறுபட்டவற்றிற்கு 1913-இல் பிரடெரிக் சாடி என்னும் ஆங்கில அறிஞர் ஐசோடோப்பு என்னும் பெயரை வழங்கினார். ‘ஒரே இடம்’ என்பது அதன் பொருள்; தமிழில் ஓரிடத்தான் என்பர். கார்பன் அணுக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 99 பங்கு எடை 12 உடையன. 1 பங்கு எடை 13 உடையன. நைட்ரஜனிலும் எடை 14 உடையனவே மிகுதி. எடை 15 உடையன நூற்றுக்கு அரைப்பங்கினும் குறைவு. இவை கதிர்வீசிச் சிதைவன அல்ல. ஆதலின் நிலையானவை எனப்பட்டன.

இவற்றின் விகிதத்தை நிறமாலைமானி வகைகளுள் ஒன்றாகிய நிறை அளக்கும் கருவியால் அளந்து, உலகோர் ஒப்பிய ஓர் அளவோடு ஒப்பிடுவர். கண்டலிலையில் கனத்த கார்பன் அவ்வளவினும் ஆயிரத்திற்கு 28 பங்கு போலக் குறைந்திருக்கும்; கடல் நுண்பாசியில் 20 முதல் 22 வரையும், கடற்புல்லில் 10 அளவுமே குறையும். உண்ட உயிரின் ஊனில் இவ்வடையாளம் பெரிதும் மாறாது நிற்கும். கனத்த நைட்ரஜனோ உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் 3 அல்லது 4 பங்கு ஏறும். பாசியில் அது 5 எனக் கொள்வோமாயின், பாசியுண்ணும் மடவையில் 8.4 ஆகவும், மடவையை விழுங்கும் கொடுவாவில் 11.8 ஆகவும் அமையும். ஆகவே கார்பன் உணவின் பிறப்பிடத்தையும், நைட்ரஜன் உண்போனின் படியையும் உணர்த்துகின்றன. ஊனோ சில கிழமைகள் முதல் சில திங்கள் வரை உண்டவற்றின் தொகுப்பாகும்.

இம்முறையின் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கண்டலிலை மக்கிய தூளே கழிமுக உயிர்களுக்குத் தலையாய உணவு என்னும் கருத்து, புளோரிடாவில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளால் 1970-களில் எங்கும் பரவியது. கோதாவரியின் கிளையாகிய கௌதமியின் கழிமுகத்தில், காக்கிநாடாவுக்கு அருகே, கோரிங்கா என்னும் கண்டற்காடு உள்ளது. ஸ்டீவன் பூயோன் என்பாரும் அவருடன் உழைத்த இந்திய ஆராய்ச்சியாளரும், மீனுக்கு இரையாகும் மிதவை உயிர்களையும், நண்டு நத்தை முதலியவற்றையும் ஆங்கு ஆராய்ந்து, 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். கண்டலிலையைப் பெரிதும் சார்ந்த உயிர்கள் சிலவே. நுண்பாசிகளைச் சார்ந்தனவே பல என்பது அவர் கண்ட முடிபு.

அங்ஙனமாயின் கண்டற்காடு பயனற்றதோ எனின், அன்று. அது மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம், அலைக்கு அரண். ஆயினும் மரத்தை மட்டும் காத்தல் போதாது. கண்ணுக்குப் புலனாகாத பாசியும் வாழ்தல் வேண்டும். அதற்கு வேண்டும் சத்துக்களுள் பலவற்றை ஆற்றுநீரே கொணர்கின்றது.

இரண்டு உணவுகளின் அடையாளம் ஒத்திருப்பின் இம்முறையும் தடுமாறும். ஆதலின் வயிற்று ஆராய்ச்சியையும் அறிஞர் கைவிடார்.

கடலிற் சேரும் ஆற்றுநீர் வீண் என்று நம் சமவெளியில் வாழ்வோர் கூறுதல் வழக்கம். உழவர்க்கு நீரின் அருமை பெரிதே. ஆயினும் கழிமுகத்தில் வலை வீசும் பரதவர்க்கும் அந்நீரில் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.