எபிசோட்: தொப்புள் குத்திக்க தட்டை வயிறு வேணுமா?

"எனக்குக் கொஞ்சம் தொப்பை இருக்கு, தொப்புள்ல பியர்சிங் பண்ணிக்கலாமா?" இந்தக் கேள்வி எனக்கும் சொந்தம். மேனாம்பேட்டுல இருந்து கிளம்பி சிட்டிக்குள்ள ஒரு இடத்துக்கு விசாரிக்கப் போனேன். அங்க இருந்தவர் என் தொப்புளைப் பார்க்கவே இல்ல. மேலிருந்து கீழ ஒரு பார்வை பார்த்துட்டு, "வெயிட் குறைச்சிட்டு வாங்க"ன்னாரு.

அது தப்பான பதில். எடைக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒல்லியா இருக்கிற பல பேருக்கு இது பொருந்தாது, குண்டா இருக்கிற பல பேருக்கு அழகாப் பொருந்தும். பார்க்க வேண்டியது தொப்புளோட வடிவத்தை.

காதுகுத்துல யாராவது "குழந்தையோட காது இதுக்கு ஒத்துவருமா?"ன்னு கேட்டுப் பார்த்திருக்கீங்களா? மாமா மடியில உட்கார வெச்சு, ஆசாரி குத்திட்டுப் போயிடுவாரு. ஏன்னா காது மடல் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு: முன்பக்கம், பின்பக்கம், நடுவுல மெல்லிய சதை. தொப்புள் அப்படி இல்ல. அது தொப்புள்கொடி விழுந்த தழும்பு. ஆளுக்கு ஒரு மாதிரி ஆறியிருக்கும்.

வழக்கமா நாம பார்க்கிற தொப்புள் பியர்சிங், தொப்புளுக்குள்ள குத்துறது இல்ல. தொப்புளோட மேல் விளிம்புல, கூரை இறவாணம் மாதிரி ஒரு தோல் மடிப்பு இருக்கும். அதைத்தான் குத்துறாங்க. வளைந்த கம்பியோட ஒரு முனை மேல வெளியில தெரியும், இன்னொரு முனையில இருக்கிற குண்டு தொப்புள் பள்ளத்துக்குள்ள உட்காரும். அப்போ இரண்டு விஷயம் வேணும்: முன்னும் பின்னும் உள்ள தெளிவான ஒரு விளிம்பு, கீழ் குண்டு உட்கார இடம்.

இப்போ கண்ணாடி முன்னாடி போங்க. நேரா நின்னு, மேல் விளிம்பை கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் பிடிச்சுப் பாருங்க. விரலுக்கு ஒரு மடிப்பு சிக்குதா? சிக்கினா நல்லது. விளிம்பே இல்லாம வயித்துத் தோல் அப்படியே சரிவா உள்ள இறங்குதுன்னா, கம்பியைப் பிடிச்சு நிறுத்த சதை போதாது. உடம்பு அதை முள் மாதிரி நினைச்சு, மாசக்கணக்குல மெதுவா வெளிய தள்ளும். இரண்டு துளைக்கும் நடுவுல தோல் மெலிஞ்சு, உள்ள இருக்கிற கம்பி தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்துல பியர்சர்கிட்ட போய்க் கழட்டிடணும். விட்டா தோலைக் கிழிச்சுட்டு வரும், தழும்பு நிலைச்சிடும்.

அடுத்த டெஸ்ட்தான் முக்கியம், பல பேர் பண்ணாம விடுறதும் இதுதான். உட்காருங்க. போட்டோவுக்கு உட்கார்ற மாதிரி இல்ல, ஆபீஸ்ல சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப் முன்னாடி கூன் போட்டு உட்கார்ற மாதிரி. இப்போ தொப்புள் திறந்தே இருக்கா, இல்ல மூடி ஒரு படுக்கைக் கோடா ஆயிடுதா? மூடிக்கிச்சுன்னா கீழ் குண்டுக்கு இடம் இல்ல. உட்கார்ற ஒவ்வொரு தடவையும் அது நெம்பப்படும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பாக்குற நமக்கு இது சின்ன விஷயமா?

எனக்கு மூடிக்குது. அதனால கதை முடிஞ்சுதான்னா, இல்ல. ஃப்ளோட்டிங் நேவல்னு ஒரு முறை இருக்கு. விளிம்பு நல்லா இருந்து, உட்காரும்போது மட்டும் மூடுற ஆட்களுக்கு, கீழ பெரிய குண்டுக்குப் பதிலா சின்னத் தட்டையான வட்டு வெப்பாங்க. நகை மேல மட்டும் தெரியும். நான் போன முதல் இடத்துல இந்தப் பேரையே யாரும் எடுக்கல.

தொப்புள் வெளிய துருத்திக்கிட்டு இருந்தா, அந்த முண்டைக் குத்தக் கூடாது. இருமும்போது அது புடைச்சா குடலிறக்கமா இருக்கலாம், முதல்ல சர்ஜன்கிட்ட காட்டுங்க. லேப்ராஸ்கோப்பி பண்ணவங்களும் கவனிங்க. அப்பெண்டிக்ஸ், பித்தப்பை, சினைப்பைக் கட்டி எதுவா இருந்தாலும் கேமராவைப் பெரும்பாலும் தொப்புள் வழியாத்தான் விடுவாங்க. அங்க தழும்பு இருந்தா பியர்சர்கிட்ட சொல்லிடுங்க. காது குத்தின இடத்துல கீலாய்டு, அதாவது தழும்பு கட்டியா வளர்ந்திருந்தா, தோல் டாக்டரைக் கேட்காம போகாதீங்க. ஒரு வருஷத்துக்குள்ள குழந்தை பிளான் இருந்தா தள்ளிப் போடுங்க.

ஏன் ஒரு வருஷம்? ஆற ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம், சில பேருக்கு அதுக்கும் மேல ஆகும். வெளித்தோல் முதல்ல ஆறிடும், உள்ள புண் அப்படியே இருக்கும். அத்தனை நாளும் இடுப்புல என்ன உரசுதுங்கிறதுதான் பிரச்சினை. ஹை வெய்ஸ்ட் ஜீன்ஸ், சுடிதார் நாடா, புடவைக் கொசுவம், அதுக்கு மேல நம்ம ஊர் வேர்வை. அம்மாகிட்ட சொன்னப்போ திட்டுவாங்கன்னு நினைச்சேன். "கொசுவத்தை எங்கடி சொருகுவ?"ன்னு மட்டும் கேட்டாங்க. இவ்வளவு நேரம் இணையத்துல படிச்சதுல இந்தக் கேள்வி ஒரு இடத்துலயும் இல்ல!

"இது நம்ம பாரம்பரியம்தானே, எகிப்து ராஜ குடும்பத்துல கூட இருந்துச்சாமே"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. எகிப்துக்கு ஆதாரம் கிடையாது. 1970-கள்ல அமெரிக்காவுல டக் மல்லாய்ங்கிறவர் எழுதின ஒரு துண்டுப் பிரசுரத்துல இருந்து பரவின கட்டுக்கதை அது. இந்த ஃபேஷன் உலகம் பூரா பரவினது 1993-ல, ஏரோஸ்மித் பேண்டோட 'க்ரையிங்' பாட்டு வீடியோவுக்கு அப்புறம்தான். நம்மகிட்ட இருந்தது ஒட்டியாணம், அதுக்குத் துளை தேவையே இல்ல.

உலோகம் பத்திக் கொஞ்சம். ஜீன்ஸ் பட்டன் படுற இடத்துல, தொப்புளுக்குக் கீழ, உங்களுக்கு அரிச்சுத் தடிக்குமா? வேர்க்குருன்னு நினைச்சு பவுடர் போட்டிருப்பீங்க. அது நிக்கல் அலர்ஜியா இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கும் உண்டு. அதனால ஏ.எஸ்.டி.எம். எஃப் 136 தரத்துல இருக்கிற டைட்டானியம்தான் கேட்கணும். கம்பி பெரும்பாலும் 14 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர். வெள்ளி புதுப் புண்ணுக்கு ஆகாது. 22 கேரட் தங்கம் மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும், ஆறின பிறகு பார்த்துக்கலாம். காது குத்துற துப்பாக்கியை எடுத்தாங்கன்னா எழுந்து வந்துடுங்க. மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம், ஸ்டெரைல் சலைன் போதும்.

போன மாசம் வேற ஒரு பியர்சர்கிட்ட போனேன். நிக்கச் சொன்னாங்க, உட்காரச் சொன்னாங்க, குனியச் சொன்னாங்க. பேனாவால இரண்டு புள்ளி வெச்சு, மறுபடி உட்கார வெச்சுப் பார்த்தாங்க. எடையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "ஃப்ளோட்டிங் வரும், ஆனா சித்திரை வெயில்ல ஆரம்பிக்காதீங்க"ன்னாங்க. ஐப்பசி மழை தொடங்கட்டும்னு வெச்சிருக்கேன். அதுவரைக்கும் பேன்ட்டை இரண்டு இஞ்ச் இறக்கிப் போட்டுப் பழகிக்கிட்டு இருக்கேன்.