மிட்டாயில் தடை, மாத்திரையில் அனுமதி

ஈ171 எனப்படும் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த அவகாசம் 2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு மிட்டாய், சூயிங்கம், கேக் கிரீம் எதிலும் அந்த வெள்ளைப் பொடியைச் சேர்க்க முடியாது. பிள்ளைகள் பாரிஸிலும் பெர்லினிலும் இருக்கும் வாசகர்கள் பலர் கேட்டிருப்பது ஒன்றைத்தான்: மிட்டாயில் ஆகாதது பிரஷர் மாத்திரையின் மேல்பூச்சில் மட்டும் எப்படி ஆகும்?

கெடுதல் என்று நிரூபித்துவிட்டார்களா? இல்லை. மரபணுவைச் சேதப்படுத்துமோ என்ற ஐயத்தை விலக்க முடியவில்லை, எனவே பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றுதான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதம் கூறியது. ஐயம் முக்கியமாக நானோ துகள்கள் மீது. ஈ171-இல் 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள் எண்ணிக்கையில் பாதி வரை இருக்கலாம். ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைக்கும் வரையறையோ, பாதியைத் தொட்டால்தான் 'நானோபொருள்' என்கிறது. 49 சதவீதம் என்றால் வெறும் பொடி. வசதியான கோடு!

மாத்திரை விஷயத்தில் நடந்தது இன்னும் சாமர்த்தியம். உணவுக்கான பட்டியலில் உள்ள நிறமிகளை மட்டுமே மருந்திலும் சேர்க்கலாம் என்பது அங்குள்ள சட்டம். பட்டியலிலிருந்து ஈ171-ஐ நீக்கினால் மருந்திலிருந்தும் தானாகவே போய்விடும். எனவே 2022 ஜனவரியில் வந்த ஒழுங்குமுறை, பெயரைப் பட்டியலிலேயே விட்டுவிட்டு, உணவில் அதற்கிருந்த அனுமதிகளை மட்டும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, ஓட்டுதான் இல்லை.

சொல்லப்படும் காரணம் மருந்துத் தட்டுப்பாடு. அதைத் தள்ளிவிட முடியாது. 2021 கணக்குப்படி சுமார் 91,000 மருந்துகளில் ஈ171 இருந்தது. நிஃபெடிபின் போல வெளிச்சம் பட்டால் கெடும் மருந்துகளுக்கு அந்தப் பூச்சு கவசம். ஆனால் மாற்று கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மருந்து முகமைக்குத் தகவல் தந்தவர்கள் யார்? மருந்து நிறுவனங்களேதான். 2024 ஏப்ரல் 1-க்குள் முகமை தர வேண்டியிருந்த மறுமதிப்பீட்டுக்கும் பெரும்பாலும் அவர்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

கடையில் அப்போது ஏற்கெனவே இருந்த சரக்கு? காலாவதித் தேதி வரை விற்க விட்டார்கள்.

பற்பசை? அதற்குத் தனிச் சட்டம். இந்தத் தடை அதைத் தொடவில்லை.

அமெரிக்கா? உணவின் எடையில் 1 சதவீதத்துக்கு மிகாமல் சேர்க்கலாம்.

இந்தியா? தடை இல்லை.

மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது. ரத்த அழுத்தத்தால் வரும் கேட்டில் எந்த ஐயமும் இல்லை.