மருந்தின் பயனை அறிவது எவ்வாறு?

காய்ச்சல் கண்ட ஒருவனுக்குப் பரிகாரியார் குடிநீர் கொடுக்கின்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிகின்றது. குடிநீரால் தணிந்ததா, தானே தணிந்ததா? அவன் ஒருவனை மாத்திரம் நோக்கி இவ்வினாவுக்கு விடை கூறல் இயலாது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் முன்னோர் நகையாடியது இத்தகைய முடிபுகளையே.

மன்னார்ப் பகுதி உள்ளிட்ட உலர்வலயம் மலேரியாவால் நெடுங்காலம் நலிந்தது. 1946இல் இலங்கையின் மலேரியாப் பிரதேசங்களெங்கும் டி.டி.ரி. தெளிக்கும் பணி விரிந்தது. அவ்வாண்டில் ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம், 1947இல் 14.3 ஆகக் குறைந்தது. நுளம்பைக் கொன்றமையே இதற்குக் காரணம் எனப் பலர் கொண்டனர். மலேரியாவை ஒடுக்க அம்மருந்து உதவியதில் ஐயமில்லை. ஆயின், மலேரியா இல்லாத பகுதிகளிலும் அக்காலத்தில் இறப்புக் குறைந்ததே! வைத்திய வசதி பெருகிய காலமும் அதுவே. ஆகவே, இறப்புக் குறைவில் மருந்தின் பங்கு எவ்வளவு என்பதுபற்றிப் பீற்றர் நியூமன், எஸ். ஏ. மீகம முதலிய ஆய்வாளர் 1960களில் மாறுபட்டு எழுதினர்.

இவ்வழக்கு எளிதில் தீராமைக்குக் காரணம் யாது? மருந்து தெளித்த பகுதிகளும் தெளிக்காத பகுதிகளும் மழையாலும் நோயாலும் வாழ்க்கை நிலையாலும் வேறானவை. ஒவ்வாத இரண்டை ஒப்பிட்டால் வேறுபாட்டின் காரணம் புலப்படாது. உயிர்கள் மடியும் வேளையில் ஒப்பீட்டுக்காக ஊர்களை விட்டுவைத்தல் தகாது என்பதும் உண்மையே. ஆனால், ஒரு மருந்தின் பயன் ஐயத்துக்கு இடமாக இருக்கும்போது அதனைச் சோதியாது வழங்குதலும் அறமாகாது.

சோதனைக்கு முதலில் வேண்டுவது ஒப்பிடுதற்குரிய மற்றொரு குழு. மருந்து பெறாதோர், அல்லது பழைய மருந்தே பெறுவோர் அடங்கிய இதனைக் கட்டுப்பாட்டுக் குழு என்பர். அக்குழுவில் எவரைச் சேர்ப்பது? வைத்தியரே தெரிந்தெடுப்பின், பிழைக்கக்கூடியவரைத் தம்மையறியாமலே புதுமருந்தின் பக்கம் சேர்த்துவிடுவார். எனவே தெரிவைத் திருவுளச்சீட்டிடம் ஒப்படைக்க வேண்டும். இதுவே எழுமாற்றுப் பிரிப்பு. பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூர்ச் சபையினர் வாரியப் பொறுப்புக்கு உரியவரைக் குடவோலையால் தெரிந்தனர். ஓலையை எடுத்தவன் எழுத்தின் வேறுபாடு அறியாத சிறுவன். விருப்பு வெறுப்புக்கு வழியடைக்கும் உபாயம் நம்மவர்க்குப் புதிதன்று.

இம்முறையின் வலிமையைக் கடலுக்கு அப்பால் சென்னையிலே காணலாம். காசநோயாளர் தூய காற்றும் நல்லுணவும் ஓய்வும் உள்ள சனற்றோரியத்திலே கிடந்தாலன்றிப் பிழையார் என்பது பழைய நம்பிக்கை. ஏழைகளுக்கோ அங்கு இடமில்லை. 1956இல் அந்நகரில் அமைந்த காசநோய் மருந்தாய்வு நிலையத்தார், 193 நோயாளரை எழுமாறாகப் பிரித்து, ஒரு சாராரை வீட்டிலும் மறு சாராரைச் சனற்றோரியத்திலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர். ஆண்டு முடிவில் நோய் தணிந்தோர் வீட்டில் நூற்றுக்கு 86, சனற்றோரியத்தில் 92. ஐந்தாண்டின் பின் இவ்வேறுபாடும் ஏறக்குறைய மறைந்தது. வீட்டிலிருந்த நோயாளரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. ஏழையின் குடிசையும் நோய் தீரும் இடமாகலாம் என உலகம் அறிந்தது.

மூன்றாவது, மறைப்பு. தேர்வு விடைத்தாளில் பெயரெழுதாது சுட்டெண் எழுதச் செய்வது ஏன்? பெயர் தெரியின் திருத்துபவரின் கை ஒருபுறம் சாயலாம் என்பதற்காகவே. சென்னை ஆய்வில், தாம் கிடந்த இடத்தை நோயாளரிடமிருந்து மறைக்க இயலாது. ஆயினும் எக்ஸ்-றே படங்களை மதிப்பிட்டவருக்கு எப்படம் எச்சாராருடையது என்பது தெரிவிக்கப்படவில்லை. ஊசி மருந்தாயின் இருபுறமும் மறைக்கலாம். 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குற்றனர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தற்ற ஊசி. எவருக்கு எது என்பதைப் பெற்றவரும் அறியார், பரிசோதித்தவரும் அறியார். வளர்ந்தோரின் நுரையீரற் காசநோயை அத்தடுப்பூசி அங்குத் தடுக்கவில்லை என்பதே முடிவு. எதிர்பார்த்தோர்க்கு இது கசப்பே. எனினும் மறைப்பு இருந்தமையால் மறுத்தற்கு அரிதாயிற்று. குழந்தைகளைக் கொடிய காசநோய் வகைகளிலிருந்து காப்பதால், பிறந்தவுடன் அதனை இடும் வழக்கம் இலங்கையில் இன்றும் தொடர்கின்றது. எங்கே பயன், எங்கே பயனில்லை என்று வரையறுத்துக் காட்டுவதே நல்லாய்வின் பணி.

இவ்வறிவு வைத்தியருக்கு மாத்திரம் உரியதன்று. புதிய கற்பித்தல் முறையொன்றைக் கெட்டிக்கார வகுப்பிலே கையாண்டு, பெறுபேறு உயர்ந்தது என ஆசிரியர்களாகிய நாம் மகிழலாம். கட்டுக்கரைக் குளத்து வயலிலே, தண்ணீர் நன்கு பாயும் துண்டில் புதுப்பசளையை இட்டு, விளைவைக் கமக்காரர் வியக்கலாம். இரண்டிலும் உள்ள குறை ஒன்றே.

ஆதலின் நம் மாணவர், எவர் எதனைப் புகழினும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவாராக: எதனோடு ஒப்பிட்டீர்? யார் பிரித்தார்? அளந்தவர் அறிந்திருந்தாரா? இவை பிறரை ஐயுறுதற்காக எழுந்தவை அல்ல; நம் ஆசை நம்மை ஏமாற்றாது காத்தற்காக எழுந்தவை.